சென்னைப் புறநகரில் முதல் வீடு: எந்தப் பக்கம் போகலாம்?

கேள்வி இது. கணவருக்குக் கிண்டியில் வேலை, மனைவிக்குச் சிறுசேரியில். மூன்று வயதில் ஒரு குழந்தை, கூடவே கணவரின் அம்மா. இதுவரை வாடகை வீடுதான். இரண்டு குடும்பத்திலும் சென்னையில் வீடு வாங்கப் போகும் முதல் ஆட்கள் இவர்கள். கையிருப்பும் கடனுமாக 60 லட்சம் வரை முடியும். முடிச்சூர், கூடுவாஞ்சேரி, மேடவாக்கம், திருநின்றவூர் என்று நான்கு இடங்களில் வீடு பார்த்துவிட்டார்கள். இதில் எது நல்ல ஏரியா என்று கேட்கிறார்கள்.

வங்கிகளுக்காக வீடு, மனைகளை மதிப்பீடு செய்யும் சிவில் இன்ஜினியராக 22 வருடம் வேலை பார்த்தவன் நான். வேலை முழுக்கத் தெற்கு, மேற்குப் புறநகர்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

"நல்ல ஏரியா" என்று ஒரு முழு ஊருக்கும் பட்டம் கொடுக்க முடியாது. முடிச்சூரில் 2015 வெள்ளத்திலும் வாசற்படி நனையாத தெருக்கள் உண்டு. எல்லோரும் ஆசைப்படும் மேடவாக்கத்தில் வருடா வருடம் முழங்கால் தண்ணீரில் நடக்கும் தெருக்களும் உண்டு. நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது தெருவை. அந்தத் தெருவை இரண்டு கேள்விகளால் சலித்து எடுக்க வேண்டும்: மழைத் தண்ணீர் அங்கே எங்கிருந்து வந்து எங்கே போகிறது? உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிற இருவரும் சாதாரண செவ்வாய்க்கிழமையில் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள்? மற்றதெல்லாம் அப்புறம்.

தண்ணீரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மூன்று மாவட்டங்களும் ஏரி மாவட்டங்கள். ஒரு ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியாக வெளியேறி, போக்குக் கால்வாயில் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒரு சங்கிலி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் முடிகிறது. இன்னொரு பக்கம் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் அடையாற்றில் சேர்ந்து முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகப் போகிறது. நாம் பார்க்கிற புறநகர் முழுக்க இந்தச் சங்கிலிகளின் மேலேயும் இடுக்கிலேயும் கட்டியதுதான்.

ஒரு ஏரியைச் சுற்றி மூன்று வகை நிலம் இருக்கும். கரைக்கு உள்ளே, தண்ணீர் நின்ற பகுதி உள்வாய். கரைக்கு வெளியே, மதகைத் திறந்தால் தண்ணீர் தானாகப் பாய்ந்த வயல்கள் ஆயக்கட்டு. தண்ணீர் ஏறாத மேட்டு நிலம் மூன்றாவது. உள்வாயில் வீடு வாங்கினால் தண்ணீர் மட்டுமல்ல, ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸும் வரும். ஆயக்கட்டில் வாங்கினால் பத்திரம் சுத்தமாகவே இருக்கும், ஆனால் நிலம் தாழ்வு. மேட்டு நிலம்தான் நமக்கு வேண்டியது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பட்டாவைப் பாருங்கள். நஞ்சை என்று இருந்தால் அது ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம். தண்ணீர் தானாக ஓடி வந்திருக்கிறது என்றால் ஏரியைவிடத் தாழ்வு என்றுதானே அர்த்தம்? புஞ்சை என்றால் பெரும்பாலும் மேடு. நஞ்சை என்றாலே வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. மண் கொட்டி உயர்த்தி, வடிகாலும் சரியாக இருக்கிற நஞ்சை மனைகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நஞ்சை என்று தெரிந்ததும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரட்டிப்பாகிவிடுகின்றன. பட்டா, ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடு இரண்டையும் சர்வே எண்ணை வைத்து அரசின் இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். அ-பதிவேட்டில் ஏரி, வாய்க்கால், மேய்க்கால் என்று ஏதாவது புறம்போக்கு வகைப்பாடு இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பக்கத்து சர்வே எண்களையும் ஒரு பார்வை பாருங்கள். உங்கள் மனை சுத்தமாக இருந்து, அடுத்த எண் வாய்க்காலாக இருப்பது சாதாரணம். காகிதத்தில் வாய்க்கால், நேரில் போனால் அங்கே ஒரு சிமென்ட் ரோடு. அந்த ரோட்டில்தான் மழைக்காலத்தில் வாய்க்கால் ஓடும்.

ஊர்ப் பெயர், தெருப் பெயரும் பேசும். தாங்கல் என்றால் சின்ன ஏரி. ஏரிக்கரைத் தெரு, கலங்கல் தெரு என்று இருந்தால் வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதியை மறக்க முடியாது. அன்று காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அதற்கு முந்தைய வருடங்களில் நான் மதிப்பீடு செய்து கையெழுத்துப் போட்ட வீடுகளில் பல அந்த வாரம் தண்ணீருக்குள் இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு அதில் ஒரு வீட்டுக்குப் போனேன். கடன் வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. சுவரில் என் மார்பு உயரத்துக்குக் கோடு. அந்த அம்மா என்னைப் பார்த்து, "நீங்கதானே சார் வந்து அளந்துட்டுப் போனீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். நான் வெயில் நாளில் போய், கட்டடத்தை அளந்து, சந்தை மதிப்பை எழுதிக் கொடுத்திருந்தேன். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. அது என் தவறு. அதற்குப் பிறகு ஏரி வரைபடம் பார்க்காமல் ஒரு அறிக்கையும் கொடுத்ததில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "பேங்க் லோன் கிடைக்கிறது, அப்படியென்றால் இடம் நல்ல இடம்தான்" என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். வங்கி பார்ப்பது, நீங்கள் தவணை கட்டாமல் போனால் அந்தச் சொத்தை விற்றுத் தன் பணத்தை எடுக்க முடியுமா என்பதை. நீங்கள் அங்கே நிம்மதியாக வாழ முடியுமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். அது முடியாவிட்டால் வெயில் நாளிலும் சில அடையாளங்கள் தெரியும். காம்பவுண்டு சுவர்களில் ஒரே உயரத்தில் பாசிக்கோடு ஓடுகிறதா? ஈபி மீட்டர் பெட்டிகளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறார்களா? பழைய வீடுகளின் வாசலில் அரையடி, ஒரு அடிக்குத் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்களா? தெருவில் தரைத்தளம் மட்டும் அதிகமாக "டு லெட்" பலகையோடு இருக்கிறதா? இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுபவர், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள் இவர்களிடம் பேசுங்கள். "2015-ல எவ்வளவு வந்துச்சு, 2023 டிசம்பர் புயல்ல எவ்வளவு வந்துச்சு" என்று வருடம் சொல்லிக் கேளுங்கள். "தண்ணி நிக்குமா" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லைங்க" என்று பதில் வரும். வருடம் சொல்லிக் கேட்டால் மனிதர்கள் கையை இடுப்பில் வைத்துக் காட்டுவார்கள். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களையும் வருடவாரியாகப் பார்க்கலாம்; இருபது வருடங்களுக்கு முன் உங்கள் மனை என்னவாக இருந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இன்னொன்று, ரோட்டு மட்டம். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய ரோடு போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ரோடு உயர, வீடு பள்ளமாகிறது. இன்று பேஸ்மென்ட், அதாவது வீட்டின் தரைமட்டம், ரோட்டிலிருந்து ஒன்றரை அடி உயரம்தான் என்றால் அது போதாது. மூன்று அடியாவது இருக்க வேண்டும்.

வெள்ளத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் கோடை. 2019 ஜூனில் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். புறநகரில் பெரும்பாலான வீடுகள் இன்றும் போர் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. போர் எத்தனை அடி, ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் லாரி வாங்குகிறார்களா, மாதத்துக்கு எத்தனை லோடு என்று கேளுங்கள். அடுக்ககம் என்றால் கோடை மாதத்துப் பராமரிப்புக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். குழாயடியில் மஞ்சள் கறை இருந்தால் இரும்புச்சத்து அதிகம். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா அல்லது செப்டிக் டேங்கா என்பதும் முக்கியம். கழிவுநீர் லாரி உள்ளே வர முடியாத சந்தில் செப்டிக் டேங்க் வீடு வாங்கினால் மழைக்காலத்தில் படும் அவஸ்தை சொல்லி முடியாது. வயதான அம்மா இருக்கும் வீட்டில் அதை யோசிக்கவே வேண்டாம்.

சரி, இரண்டாவது கேள்வி, பயணம்.

உங்களுடைய சிக்கல் இருவரும் இரண்டு திசையில் போவது. கணவர் கிண்டிக்கு, ஜிஎஸ்டி சாலை அல்லது கடற்கரை–செங்கல்பட்டு ரயில் தடத்தில். மனைவியான நீங்கள் சிறுசேரிக்கு, ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில். இந்த இரண்டு தடங்களையும் இணைக்கும் சாலையில் வீடு இருந்தால்தான் இருவருக்கும் நியாயம். அப்படிப் பார்த்தால் திருநின்றவூர் பட்டியலிலிருந்து போய்விடுகிறது. அந்த ஊர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. சென்ட்ரல் பக்கமோ அம்பத்தூரிலோ வேலை பார்ப்பவர் கேட்டிருந்தால் தாராளமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் அங்கிருந்து சிறுசேரி என்பது தினமும் சென்னையைக் குறுக்கே கடப்பது.

கூடுவாஞ்சேரியில் கவனிக்க வேண்டியது ரயில் எண்ணிக்கை. புறநகர் ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். தாம்பரத்துக்குத் தெற்கே வண்டிகளின் இடைவெளி அதிகம். தரகர் "ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம்" என்பார். அந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்று சொல்ல மாட்டார். இரவு எட்டரைக்குக் கிண்டியில் ஏறி ஒரு நாள் நீங்களே போய்ப் பாருங்கள். வாங்கும் முன் இருவரும் தனித்தனியாக ஒரு வேலைநாளில் அலுவலகம் வரை போய்த் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காரில் போய் வீடு பார்த்துவிட்டு முடிவு செய்தவர்கள்தான் ஆறு மாதத்தில் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் திரும்ப நகரத்துக்கு வாடகைக்கு வருகிறார்கள். இப்படி எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

வரப் போகிற வசதிக்கு இன்றே பணம் கொடுக்காதீர்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயில் நீட்டிப்பு வேலை 2008 வாக்கில் தொடங்கியது. தூரம் 5 கிலோமீட்டர்தான். ஆதம்பாக்கத்தில் கொஞ்ச தூரத்துக்கான நிலப் பிரச்சினையால் 15 வருடத்துக்கு மேல் இழுத்தது. அதை நம்பி அன்று கூடுதல் விலை கொடுத்தவர்களின் குழந்தைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தது, ரயில் நிலையம் கூடவே வரவில்லை. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி சிப்காட் தடம் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் தடம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அது இல்லாமலேயே உங்களால் தினமும் போய்வர முடியும் என்றால் மட்டும் அந்த வீட்டை எடுங்கள். வந்தால் லாபம்.

இப்போது மேடவாக்கம். சிறுசேரிக்கு நன்றாக இருக்கும், கிண்டிக்கும் முடியும். ஆனால் கிழக்கே பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் சரிந்துகொண்டே போகும் நிலம் அது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈர நிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் புதிய கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2025-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இடைக்கால உத்தரவு போட்டது. அந்தப் பக்கம் பாதி கட்டிய அடுக்ககத்தில் முன்பணம் கொடுப்பதாக இருந்தால், அனுமதி எந்தத் தேதியில் வாங்கியது, இன்றைய நிலை என்ன என்று வக்கீலிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் பட்ஜெட்டில் மேடவாக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த பக்கத்து வீடுகளாகத்தான் இருக்கும். விலை குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

முடிச்சூரை முழுவதுமாக ஒதுக்க வேண்டாம். ஆனால் அடையாற்றை ஒட்டிய நகர்கள் வேண்டாம். 2015-க்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள். ஆனால் 2023 டிசம்பரிலும் அங்கே படகு ஓடியது. தவிர, முடிச்சூரிலிருந்து சிறுசேரி உங்களுக்குத் தூரம்.

என் யோசனை, நீங்கள் பார்க்காத ஒரு பகுதி: வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை. கொளப்பாக்கம், கண்டிகை, மேலக்கோட்டையூர் வரைக்கும். கணவருக்கு மேற்கே வண்டலூர் ரயில் நிலையம், கிளாம்பாக்கத்திலிருந்து நகரப் பேருந்து. உங்களுக்குக் கிழக்கே அதே சாலையில் புதுப்பாக்கம் வழியாகச் சிறுசேரி. இரண்டு பக்கமும் காடும் குன்றும் இருப்பதால் மேட்டு நிலமும் கிடைக்கும். குன்றிலிருந்து இறங்கும் ஓடையின் பாதையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குறை என்றால், பெரும்பாலும் ஊராட்சிப் பகுதி. தெருவிளக்கு, குப்பை, உள்சாலை எல்லாம் தெருவுக்குத் தெரு மாறும். இரவு பத்து மணிக்கு ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். இரண்டாவது வாய்ப்பாகச் சேலையூர், மாடம்பாக்கம் பக்கம். தாம்பரம் மாநகராட்சிக்குள் வருகிறது, தாம்பரம் நிலையத்தில் ரயில் அதிகம், அம்மாவுக்கு மருத்துவமனைகளும் பக்கம். வீடு கொஞ்சம் சின்னதாகத்தான் கிடைக்கும். என் அம்மாவாக இருந்தால் நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

பத்திரங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று ஒன்று கிடையாது. மனைப்பிரிவுக்குச் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அங்கீகாரமில்லாத மனை என்றால் வரன்முறைப்படுத்திய உத்தரவைக் கேளுங்கள், மனைக்கும் மனைப்பிரிவுக்கும் இரண்டுக்கும். வில்லங்கச் சான்று 30 வருடத்துக்காவது போடுங்கள். புறநகரில் நீங்கள் பார்க்கும் நான்கு வீடு, ஆறு வீடு அடுக்ககங்கள் பெரும்பாலும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுக்குள் வருவதில்லை. அதனால் அங்கே அனுமதி வரைபடத்தையும் கட்டடத்தையும் நீங்களேதான் ஒப்பிட வேண்டும். மூன்று மாடிக்கு அனுமதி வாங்கி நான்காவது மாடி கட்டியிருந்தால் உங்கள் யுடிஎஸ், அதாவது நிலத்தில் உங்களுக்குச் சேரும் பிரிக்கப்படாத பங்கு, அந்தக் கணக்கே மாறிவிடும். வக்கீலை நீங்கள் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பில்டர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம்.

பணத்திலும் ஒரு எச்சரிக்கை. 60 லட்சம் என்பது மொத்தச் செலவு என்றால் வீட்டின் விலை 52 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடன் என்றால், வீட்டு விலையில் 80 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த விலைக் கணக்கில் சேராது, உங்கள் கையிலிருந்துதான் போகும். மனைக்கும் பழைய வீட்டுக்கும் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். 52 லட்சத்துக்கு அது மட்டுமே 4 லட்சத்து 68 ஆயிரம். பில்டரிடம் நேரடியாக வாங்கும் புதிய அடுக்கக வீட்டுக்கு விலைக்கேற்பக் கொஞ்சம் குறையும். ஆனால் கட்டி முடிக்காத வீடு என்றால் 5 சதவீத ஜிஎஸ்டி சேரும். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீத டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குகிற உங்களுடையது. கிரில், அலமாரி, மின்விசிறி என்று குடிபோகும் செலவு ஒன்றரை, இரண்டு லட்சம் ஆகிவிடும். குழந்தையின் பள்ளிக் கட்டணத்தையும் தவணையோடு சேர்த்து மாதக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, உங்களுக்கு அவசரம் இல்லை என்றால் நான் சொல்வது ஒன்றுதான். கொளப்பாக்கத்திலோ சேலையூரிலோ எந்தத் தெரு பிடிக்கிறதோ அதற்குப் பக்கத்தில் ஒரு வருடம் வாடகைக்குப் போங்கள், ஒரு கார்த்திகையும் ஒரு சித்திரையும் அங்கே கழியட்டும். வீட்டு விலை அதற்குள் ஏறிவிடுமே என்று பயப்படுவீர்கள். கொஞ்சம் ஏறலாம்தான். 20 வருடத் தவணைக்கு முன்னால் அந்தத் தொகை சின்னது. வாடகைக்குப் போனவர்களுக்கு அந்தத் தெருவில் யார் வீட்டை விற்கப் போகிறார்கள் என்பது தரகருக்குத் தெரியும் முன்பே தெரிந்துவிடும். போகும்போது பார்க்கிற வீடுகளின் சர்வே எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஏதாவது ஒன்று பிடித்துப்போனால் எண்ணையும் கிராமத்தின் பெயரையும் எனக்கு அனுப்புங்கள், ஏரி வரைபடத்தில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.